புத்தகத்தில் இல்லாத மனைவி

என் தங்கையின் கணவருக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டுவது வேலை. மடக்கிய கறுப்புக் குடை ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். பின்னால் இருபது முப்பது பேர் அந்தக் குடையைப் பார்த்து வருவார்கள். இருபத்து நான்கு வருடமாக அப்படி நடந்ததில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மழை வந்தாலும் அதை விரிக்க மாட்டார். எல்லோரும் குடை விரிக்கும் நேரத்தில் தன் குடையும் விரிந்திருந்தால் கூட்டத்துக்கு அடையாளம் தெரியாது என்பார். நனைந்துகொண்டே குடை பிடிக்கிற ஆளுக்குத்தான் என்னைக் கட்டி வைத்தீர்கள் என்று என் தங்கை எங்களைக் குத்திக்காட்டுவாள்.

அதற்கு முன்பு அவர் ஒரு பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வேலை இல்லாத மாதங்களில் வீட்டில் முகம் கொடுக்க முடியாமல் பகல் முழுவதும் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தார். அங்கே புத்தகக் கடையில் விற்ற பழைய தலபுராணச் சிறு நூலைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒருநாள் வெளியூர்க் கூட்டம் ஒன்றை அழைத்து வந்த வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூட்டம் திருதிருவென்று விழித்தபடி நின்றது. இவர் எழுந்து போய், வேண்டுமானால் நான் சொல்கிறேன் என்றார். அன்று சொல்ல ஆரம்பித்தவர்தான். பெரிய பேச்சாளர் என்று சொல்ல மாட்டேன். குரல் நடுத்தரம், நகைச்சுவை சுமார். ஆனால் கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

கோயிலின் கதை இது. மழை பொய்த்துப்போன ஒரு காலத்தில் அரசன் கிணறு தோண்டச் சொல்கிறான். கிணறு வெட்டுகிறவன் மூன்று ஆள் ஆழம் இறங்கிய பிறகு அவனுடைய கடப்பாரை ஒரு கல்லில் படுகிறது. கல்லிலிருந்து ரத்தம் வருகிறது. அவன் ஓடவில்லை. தலைத்துணியை அவிழ்த்து, காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்துகிறான். கையை வைத்தால் ரத்தம் நிற்கிறது, எடுத்தால் வருகிறது. அதனால் ஏழு நாள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். ஏழாம் நாள் காயம் மூடுகிறது. கல்லைச் சுற்றி நீர் ஊறுகிறது. என்ன வரம் வேண்டும் என்று ஒரு குரல் கேட்கிறது. அவன் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே கையை எடுக்கலாமா?"

அந்தக் கல்லை மேலே கொண்டுவந்து கருவறையில் வைத்தார்கள். அதில் ஒரு கை அகலத்துக்குப் பள்ளம் இருக்கிறது. சுவாமிக்குக் காயம் பொறுத்தவர் என்று பெயர். கிணறு தெற்குப் பிராகாரத்தில் இன்றும் நீரோடு இருக்கிறது.

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். லென்சு தேய்த்தது போக மிச்ச நேரத்தில் தத்துவப் புத்தகங்கள் படிப்பேன். கோயில் கதைகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. வரம் கேட்பவர்கள் பெரும்பாலும் பேராசைக்காரர்களாக இருக்கிறார்கள். இவன் வரமே கேட்கவில்லை, அனுமதி கேட்டான். அந்த ஒரு வரிக்காக இந்தக் கதையை ஒதுக்க முடியாமல் இருந்தேன்.

குடைக்காரர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒருநாள் காலையில் வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அங்கே இருந்தேன். என் தங்கை தையல் வேலை செய்பவள். ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஏழு நாள் கையை எடுக்காம உட்கார்ந்திருந்தான்னா, சோறு யார் கொண்டு வந்தாங்க?"

அவர் ஒரு கணம் யோசித்து, அது சாமி விஷயம் என்றார்.

"சாமி விஷயம்தான். வயிறு அவன் வயிறுதானே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் அடுத்த கொக்கிக்குப் போய்விட்டாள். கேட்டதையே மறந்தும் போனாள்.

இந்த இடத்தில் அவருடைய தொழிலில் உள்ள ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். கோயிலுக்குள் எல்லோரும் வெறுங்கால். வெயில் ஏறிவிட்டால் கல்தரையில் கால் வைக்க முடியாது, கூட்டம் துள்ள ஆரம்பித்துவிடும். அதனால் வழிகாட்டிகளின் கதை, வெயில் இருக்கும் இடத்தில் சுருங்கும், நிழல் இருக்கும் இடத்தில் நீளும். ஆயிரம் சிற்பம் இருக்கும் வடக்குச் சுவரை அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுவார். கிணற்றடியில் பகல் முழுக்க மதிலின் நிழல் விழும். தவிர, முன்னால் போன கூட்டம் கருவறையை விட்டு வெளியே வரும்வரை பின்னால் வரும் கூட்டம் அங்கேதான் காத்திருக்க வேண்டும். சுமார் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்கு அவரிடம் அதுவரை சரக்கு இருக்கவில்லை.

தங்கை கேட்ட அன்று, அந்த நிழலில், கிணறு வெட்டுகிறவனுக்கு ஒரு மனைவி வந்து சேர்ந்தாள். தினமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குவாள். இடுப்பில் முடிந்து கொண்டுவந்த சோற்றை அவனுக்கு ஊட்டுவாள். மேலே ஏறிவந்து, இதோ, இந்தச் சதுரக் கல்லில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருப்பாள். கேட்டவர்கள் கிணற்றைவிட்டுக் கல்லைப் பார்த்தார்கள். மறுநாளும் அவள் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

அந்தச் சதுரக் கல், கிணற்று உபரி நீர் வெளியே போகும் வாய்க்காலின் மூடி.

இருபத்திரண்டு வருடம் ஓடியது. இடையில் எப்போதோ ஒருவர் அந்தக் கல்லின் மேல் ஒரு பூவை வைத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் வைத்தார். பிறகு குங்குமம் வந்தது. குருக்கள் புதிதாக வந்தவர். அவருக்கு அது ஆதியிலிருந்தே உள்ள வழக்கம். சலவைக் கடையில் இஸ்திரி போடும் ஒரு பெண், நான்கு வருடமாகத் திங்கட்கிழமைதோறும் வேலைக்குப் போகும் முன் அங்கே வந்து பூ வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். அவளுடைய கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு போகிறவர், வீட்டுக்கு வர மாதங்கள் ஆகும். குடைக்காரர் அவளைக் கண்டால் குடையைச் சற்றுத் தாழ்த்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அது பணிவு என்று அவள் நினைத்திருக்கலாம்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என் தங்கைக்கும் தெரியாது. அவள் விடிந்தவுடன் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். கணவர் சொல்லும் கதையை ஒருநாளும் கோயிலில் நின்று கேட்டதில்லை. வீட்டில் கேட்டதே போதும் என்பாள்.

போன வருடம் கோயிலுக்கு ஒரு புதிய நிர்வாக அதிகாரி வந்தார். நாற்பது வயதுக்காரர், எதையும் எழுத்தில் பார்க்க விரும்புகிற பெண்மணி. நுழைவாயிலில் தலபுராணத்தைக் கருங்கல் பலகையில் வெட்டி வைக்கலாம் என்று முடிவு செய்தார். பழைய சிறு நூல் இப்போது கடையில் கிடைப்பதில்லை. எங்கோ ஒரு நூலகத்திலிருந்து நகல் எடுத்து வந்திருந்தார். குடைக்காரரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, நீங்கள் சொல்கிற மாதிரியே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், உங்கள் வாயில் கேட்டால்தான் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு நகலைப் புரட்டியபடி கேட்டார்.

"இதுல அந்தப் பொண்டாட்டி இல்லையே சார். அது எதுல இருந்து வந்துச்சு?"

"வழிவழியா வர்றது மேடம்."

அந்த வார்த்தை அவர் யோசிக்கும் முன்பே வந்துவிட்டது. அதிகாரிக்குச் சந்தோஷம். அந்த இடம்தான் தனக்கு மிகவும் பிடித்தது, மறக்காமல் சேர்த்துவிடுங்கள், புதன்கிழமை கல் வெட்டுகிறவர் வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கடைக்கு வந்தார். கண் சோதிக்க வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த எழுத்து அட்டையை மேலிருந்து கீழாகப் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பிரேமுக்குத் திருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், ஒரு பொய்ய எத்தனை வருஷம் சொன்னா அது புராணம் ஆகும்?"

"உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு மாப்பிள்ளை?"

"இருபத்திரண்டு."

"பத்தாது" என்றேன்.

அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய அனுமதிச் சீட்டை ஒவ்வொரு வருடமும் கோயில் அலுவலகம் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை தேதி நெருங்கிவிட்டது. அதிகாரியிடம் போய் அது நானாகச் சேர்த்தது என்று சொன்னால் சீட்டைக் கிழித்துவிடலாம். ஐம்பத்தெட்டு வயதில் குடையை எடுத்துக்கொண்டு வேறெங்கே போவது? சொல்லாவிட்டாலோ, அவர் இட்டுக்கட்டிய பெண் புதன்கிழமை கல்லில் ஏறிவிடுவாள்.

எனக்குத் தெரிந்த தத்துவத்தை வைத்து அவருக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தேன். கல்லிலிருந்து ரத்தம் வந்தது என்பதையும் யாரோ ஒருவர்தான் முதலில் சொல்லியிருப்பார், அவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். அவர் அதை நியாயமாகவே யோசித்தார்.

"அவரு யாருன்னு எனக்குத் தெரியாது மச்சான். இவ எங்கேருந்து வந்தான்னு எனக்குத் தெரியுமே."

திருகு கைநழுவித் தரையில் விழுந்தது. இருவரும் குனிந்து தேடினோம். குனிந்தபடியே அவர் மேலும் சொன்னார்.

"வாயால சொல்றப்ப ஒண்ணும் தெரியல. நாளைக்கு வேணாம்னா விட்டுடலாம்னு நெனச்சுப்பேன். இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் நெனச்சேன். கல்லுல வெட்டிட்டா விட முடியாதுல்ல."

முதலில் வீட்டில் சொல்ல வேண்டும், தனியாகப் போகத் தைரியம் இல்லை, நீங்களும் வாருங்கள் என்றார். கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

தங்கை மெஷினில் ஒரு தலையணை உறையை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே சொன்னார். கேள்வி அவளுடையது என்பதில் ஆரம்பித்து, கயிறு, சோறு, சதுரக் கல், பூ, அதிகாரி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் மிதிப்பதை நிறுத்தினாள். கேள்வி கேட்டது தனக்கு நினைவே இல்லை என்றாள். பிறகு கோபம் வந்தது, ஆனால் நாங்கள் எதிர்பார்த்த திசையிலிருந்து அல்ல.

"சரி, ஏழு நாள் கிணத்துல எறங்கி எறங்கிச் சோறு ஊட்டினா. அவ என்ன பேசினா?"

அவர் விழித்தார்.

"ஒண்ணும் பேசலையே."

"இருபத்திரண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசலையா? புருஷன் கல்லைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கான், ஏன்டா, என்னடான்னு கேக்க மாட்டாளா?"

"அது... எனக்குத் தோணல."

"தோணாது" என்றாள். "நாளைக்கு நான் வர்றேன். நீங்க என்ன சொல்றீங்கன்னு முழுசா கேக்கணும்."

மறுநாள் திங்கட்கிழமை. நானும் போனேன். வெளியூர்க் கூட்டம் முப்பது பேர் இருக்கும். என் தங்கை நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவள்போல் கடைசியில் நின்றாள். அவர் குடையைத் தூக்கினார், எல்லோரும் நடந்தோம். கோபுரத்தைப் பற்றி, கல்வெட்டைப் பற்றி, எழுநூறு வருடத்துக்கு முன் கொடை கொடுத்த ஒரு வணிகரைப் பற்றிச் சொன்னார். வடக்குச் சுவரை வழக்கம்போல் இரண்டு வாக்கியத்தில் கடந்தார். நான் அதுவரை அவர் வேலை செய்து பார்த்ததில்லை. ஒரு முதியவர் பின்தங்கியதும், யாரும் கவனிக்காதபடி தானும் வேகத்தைக் குறைத்து, அவர் வந்து சேரும்வரை ஒரு தூணைப் புகழ்ந்துகொண்டிருந்தார். தூண் அப்படியொன்றும் சிறப்பானது இல்லை.

கிணற்றடிக்கு வந்தோம். நிழல் விழுந்திருந்தது. உள்ளே முன்கூட்டம் இன்னும் இருந்தது. ரத்தம், தலைத்துணி, ஏழு நாள் எல்லாம் சொன்னார். சதுரக் கல்லின் பக்கம் திரும்பினார். அங்கே இஸ்திரிக்காரப் பெண் பூ வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் வாய் ஒருமுறை திறந்து மூடியது. என் தங்கை நின்ற பக்கம் அவர் பார்க்கவே இல்லை. குடையைக் கீழே இறக்கி, அதன் மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

"அடுத்து நான் சொல்ல வேண்டியது கோயில் புத்தகத்துல இல்ல. இருக்குற மாதிரியே இருபத்திரண்டு வருஷமா சொல்லிட்டேன். ஏழு நாள் அவனுக்கு யார் சோறு கொண்டு வந்தாங்கன்னு எங்க வீட்ல கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. நானா ஒரு பொண்டாட்டிய வெச்சேன். அவ இந்தக் கல்லுல உட்கார்ந்திருந்தான்னு சொன்னேன். இது தண்ணி போற வாய்க்காலுக்கு மூடி."

யாரோ ஒருவர் சிரித்தார். பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை, அவர்கள் மனைவியைப் பற்றி முதன்முறையாகக் கேட்கிறார்கள், கேட்கும்போதே அவள் இல்லை என்கிறார் இவர். கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் வரிசை எப்போது நகரும் என்று கேட்டார். இஸ்திரிக்காரப் பெண் மட்டும் அசையாமல் நின்றாள்.

"அப்ப நாலு வருஷமா நான் யாருக்குப் பூ வெச்சேன்?"

அவர் தலையைக் குனிந்து குடையின் பிடியைப் பார்த்தார்.

"என்னை இங்க எத்தனை தடவை பார்த்திருக்கீங்க. ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல. நான் நேரா உள்ள போய்ச் சாமிகிட்ட கேட்டிருப்பேனே."

வைத்த பூவைத் திரும்ப எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் ஒரு கணம் தயங்கி, பிறகு வாசலை நோக்கி நடந்தாள். என் தங்கை கூட்டத்தைவிட்டு அவள் பின்னால் போனாள். வாசலருகே இருவரும் கொஞ்ச நேரம் நின்று பேசியதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று தங்கை இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் பெண் இப்போதும் திங்கட்கிழமைகளில் கோயிலுக்கு வருகிறாள். கிணற்றுப் பக்கம் வருவதில்லை. குடைக்காரர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உண்மை சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று புத்தகங்களில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் உண்டு.

கூட்டத்தைக் கருவறைக்குள் அனுப்பிவிட்டு, வெளியே வந்தவர்களிடம் கும்பிட்டு விடைபெற்று, அவர் நேராக அலுவலகத்துக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அலமாரிகள் நிறைந்த சின்ன அறை. மேசையில் கல்பலகைக்கான வரைபடம் விரித்திருந்தது. வழிவழியாக வந்தது என்று உங்களிடம் சொன்னது பொய் என்று நின்றபடியே சொன்னார். அதிகாரி பேனாவை மூடினார். ஏமாற்றம் தெரிந்தது. கோபம் அவ்வளவாக இல்லை. உட்காரச் சொன்னார். நகலை எடுத்தார்.

"அது ஒண்ணுதானா சார்? வேற ஏதாவது இருக்கா?"

அது ஒன்றுதான் என்று அவர் உறுதியாகச் சொன்னார். எதற்கும் ஒருமுறை வரிவரியாகப் பார்த்துவிடலாம் என்றார் அதிகாரி. நீங்கள் சொல்லுங்கள், நான் புத்தகத்தில் பார்த்துக்கொண்டே வருகிறேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். வறட்சி இருந்தது. அரசன் இருந்தான். கடப்பாரை இருந்தது. கிணற்று விளிம்பில் நின்று குரைத்த ஒரு நாய், இல்லை. நாய் இல்லையா என்று அவரே திகைத்தார். ரத்தம் இருந்தது, தலைத்துணி இருந்தது. ஏழு நாள் என்றார்.

"அஞ்சு நாள்னு இருக்கு சார்."

"ஏழு மேடம். நல்லாப் பாருங்க."

அதிகாரி நகலைத் திருப்பிக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஐந்து நாள் என்றுதான் அச்சாகியிருந்தது. அவர் விரலை வைத்து அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தார், நகல் எடுத்ததில் ஏதோ கோளாறு என்பதுபோல. மனைவியைச் சேர்த்தது அவருக்குத் தெரியும். இரண்டு நாளைச் சேர்த்தது தெரியாது. தெரியாததுதான் அவரை அதிகம் உலுக்கியது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கடைசியில் வரத்துக்கு வந்தார்கள். கையை எடுக்கலாமா என்று கேட்டான் என்று அவர் சொல்லி முடித்தார். அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். திரும்பி வந்தார்.

"இந்த ஊருக்கு என்னைக்கும் தண்ணி வத்தக்கூடாதுன்னு வரம் கேட்டான். அவ்வளவுதான் இருக்கு. கையை எடுக்கலாமான்னு இல்லையே. இதுவும் நீங்கதானா?"

நான் அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை வருடம் அந்தக் கதையை மதித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடினார். தொண்டை கட்டிய அந்த முதல் வழிகாட்டி சொல்லிக் கேட்டதா, இறந்துபோன பழைய குருக்கள் சொன்னதா, இல்லை ஒரு நாள் வெயிலில் கூட்டத்தைச் சீக்கிரம் நகர்த்துவதற்காகத் தன் வாயிலேயே வந்ததா?

"தெரியல மேடம்" என்றார். "சத்தியமா தெரியல. நான் இல்லன்னு சொல்லிடலாம். ஆனா தெரியல."

அதிகாரி நகலை மூடி வைத்தார். பலகையில் புத்தகத்தில் உள்ளதை மட்டும் வெட்டுவது என்று முடிவு செய்தார். ஐந்து நாள், வற்றாத நீர். அனுமதிச் சீட்டை இப்போதைக்கு மூன்று மாதத்துக்குத்தான் புதுப்பிப்பேன், அதன் பிறகு ஒருநாள் நானே வந்து கேட்டுவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். அவர் சரி என்று தலையாட்டினார். வெளியே வந்தபோது குடையை அலுவலகத்திலேயே மறந்து வைத்துவிட்டார். நான் போய் எடுத்து வந்தேன்.

அடுத்த சில வாரங்கள் அவர் கதையைப் புத்தகப்படி சொன்னார். கிணற்றடியில் ஆறு நிமிடத்தில் நான்கு நிமிடம் மிச்சம் விழுந்தது. கூட்டம் செல்போனை எடுத்தது. வீட்டில் சாப்பிடும்போதும் பேசாமல் இருந்தார். அந்த மனைவியை அப்படியே தள்ளிவிட்டது பாவம், வேண்டுமானால் என் பேரைச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தங்கை ஒருநாள் சொன்னாள்.

"நான் இனிமே ஒரு எழுத்துகூடச் சேர்க்க மாட்டேன்."

"சேர்க்க வேணாம். ஏற்கெனவே இருந்தவதானே. ஒரு வார்த்தையாவது பேச விடுங்க."

"அது சேர்க்கறது ஆகாதா?"

"அப்ப ஊமையாவே இருக்கட்டும்" என்றாள். "பாவம், அவளுக்கு வாய்ச்ச ஆளு அப்படி."

அவர் சிரித்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு சிரித்ததால் புரையேறியது. அவள் தலையில் தட்டினாள்.

மூன்று மாதம் முடிந்து அதிகாரி வந்த அன்று நானும் கூட்டத்தோடு போயிருந்தேன். அதிகாரி அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடுவில் நின்றார். குடைக்காரர் கிணற்றடியில் மெதுவாக, ஒவ்வொன்றையும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லி அடுக்கினார். கல்லில் ரத்தம் வந்தது, புத்தகத்தில் இருக்கிறது. ஐந்து நாள் என்று புத்தகம், ஏழு என்று நான் வெகுகாலம் தப்பாகச் சொன்னேன். சோறு கொண்டுவந்தவள் எங்கள் வீட்டுக் கேள்வியிலிருந்து வந்தவள், அவளுக்கு வேறு ஆதாரம் இல்லை. கையை எடுக்கலாமா என்று அவன் கேட்டதாகச் சொல்கிறேனே, அதை யார் முதலில் சொன்னது என்று எனக்கே தெரியாது, ஒருவேளை நானாகவும் இருக்கலாம். அவர் இப்படிச் சொல்லும்போது யாரும் செல்போனைப் பார்க்கவில்லை. நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டிப் போயிற்று. கருவறை வாசலில் காவலாளி கையைக் காட்டிக் கூப்பிட்டார். கூட்டம் நகரவில்லை. அவர் நன்றாகச் சொன்னார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்.

தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் முன்னால் வந்தார்.

"அப்ப இதுல எதுங்க உண்மை?"

குடைக்காரர் அதிகாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, குடையால் கிணற்றைக் காட்டினார்.

"தண்ணி இருக்குங்க. நான் தினமும் பார்க்கறேன். நீங்களும் எட்டிப் பாருங்க. குழந்தைய எங்கிட்ட குடுத்துட்டுப் பாருங்க."